செவுத்துக்குள்ள கடல்

செருப்பை அங்கயே உட்டுட்டு வாங்க அம்மிணி. கால் தொடைக்கத் துணி கெடக்குது பாருங்க. கையில என்னங்க அது, மோதரமா? தங்கமா? தங்கத்துலயும் செம்பு சேப்பாங்க, உங்களுக்குத் தெரியாததில்லை. கழட்டி அந்த டேபிள் மேல வெச்சுருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, இந்த ஊட்டுக்குள்ள யாரு வந்தாலும் இதுதான் சட்டம். எங்க சம்பந்தி வந்தப்பவே கழட்ட வெச்சவன் நான். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. வெச்சுக்கட்டுமே, எனக்கு எந்தொட்டி முக்கியம்.

எம்பையன் நவநீதன் ஆளு அனுப்பறேன்னதும் யாரோ ஆம்பளைன்னு நெனச்சுட்டனுங்க. பரவால்லீங்க. தூத்துக்குடியில மீன் படிப்புப் படிச்சவங்க, அவன் பக்கத்து ஆளும் இல்லை, எம்பக்கத்து ஆளும் இல்லை, தண்ணியைப் பாத்து உள்ளதைச் சொல்லுவாங்கன்னான். அதுதானுங்க எனக்கும் வேணும். எம்மருமக இதுல என்னத்தைக் கலந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, போதும்.

இதுதான் தொட்டி. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். இப்பப் பாத்தா ஒண்ணுமில்லைங்க, சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்குது. நீங்க நாலு மாசத்துக்கு முன்னால வந்துருக்கோணும். ஒவ்வொரு பவளமும் விரிஞ்சு நின்னா, ஹாலுக்குள்ள காலெடுத்து வெக்கறவங்க அப்பிடியே நின்னு போவாங்க. இப்ப மீனு மட்டும் மிச்சம். அந்தா, கல்லுக்குப் பொறவால ஒளியுது பாருங்க, செவப்பும் வெள்ளையுமா. அதுக்குப் பேரு வெச்சிருக்கறா எம்மருமக, செவந்தான்னு. மீனுக்குப் பேரு வெச்சு நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?

எடுங்க, எடுங்க, தண்ணி எடுத்துக்குங்க. எத்தனை பாட்டில்ல வேணுமோ எடுத்துக்குங்க. சுருக்கா முடிச்சுருங்க அம்மிணி. இப்ப அவனும் எம்மருமகளும் சம்பந்தி ஊட்டுல இருக்கறாங்க, நாளைக்குக் காத்தால வாடகை ஊட்டுல பால் காய்ச்சறாங்களாம். நாந்தான் நவநீதங்கிட்டச் சொல்லி உட்டேன். தண்ணியை டெஸ்ட் பண்ணு, அவ மேல தப்பில்லைன்னு வந்தா நானே சம்பந்தி ஊட்டு வாசலுக்கு வந்து கூப்புடறேன், தப்புன்னு வந்தா அவ வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஊட்டுக்குள்ள வரட்டும். சரின்னு ஒத்துக்கிட்டாங்க. எப்பிடி வந்தாலும் பால் காய்ச்சறது நின்னுரும், எம்பையன் என்னூட்டுக்கு வந்துருவான். ஒத்தைப் பையனுங்க. அவன் போனதுல இருந்து எனக்குச் சோறு எறங்கறதில்லை. அதை அவங்கிட்டச் சொல்ல முடியுமா? உங்ககிட்டச் சொல்றேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டறவனுங்க. கணபதியில சென்னியப்பன் மோட்டார் ஒர்க்ஸ்னு கேட்டா பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்களே கை காட்டுவாங்க. அந்தச் சென்னியப்பன் நாந்தான். செம்புக் கம்பியைத் தொட்டுத் தொட்டு மரத்துப் போன கை இது. நல்ல செம்பா, கலப்படமான்னு மோந்து பாத்தே சொல்லிப்போடுவேன். அதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு, ஊடு கட்டிக் குடுத்துச்சு. அப்பேர்ப்பட்ட செம்பை இந்தத் தொட்டிக்காக வாசப்படியிலயே நிறுத்துனவன் நான். அதை நெனப்புல வெச்சுக்குங்க.

ஆசை எங்க வந்துச்சுன்னு கேக்கறீங்களா? கொச்சின்ல ஒரு ஓட்டலுக்கு மோட்டார் வேலையாப் போயிருந்தேன். உள்ள நொழைஞ்சா செவுரே இல்லைங்க, செவுரு இருக்கற எடத்துல கடலு. வேலையை உட்டுப்போட்டு நின்னுட்டேன். கோயமுத்தூர்ல மில்லு இருக்குது, மலை இருக்குது, சிறுவாணி இருக்குது, கடல் மட்டும் இல்லை. என்னூட்டுல இருக்கட்டும்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். அந்த ஓட்டலுக்குக் கட்டிக் குடுத்த சாக்கோங்கற ஆளைப் புடிச்சுக் கூட்டியாந்தேன். அவரு மொத நாள் இந்த சோபாவுல உக்காந்து சொன்ன மொத வார்த்தையே செம்புதானுங்க. நீங்க செம்புக்காரர், இது செம்புக்கு எதிரி. மீனு கொஞ்சம் தாங்கும், பவளமும் எறாவும் நத்தையும் தாங்காது, துளி போனாலும் செத்துரும்னாரு. யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு.

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? கையில போட்டிருந்த செம்புக் காப்பைக் கழட்டி அவரு முன்னாலயே வெச்சேன். சூட்டுக்குன்னு எங்கப்பன் எனக்குப் போட்டு உட்டது. இந்தா பாருங்க, அந்த எடம் இன்னும் வெளுப்பாத்தான் இருக்குது. அன்னைக்கே ஊட்டுல இருந்த செம்புக் குடம், சொம்பு, பூசைக்கு வெக்கற பஞ்சபாத்திரம் அத்தனையும் சமையக்கட்டு மேல அட்டாலிக்கு ஏத்தியாச்சு. எம்பொண்டாட்டி ரத்தினா, அந்தா சமையக்கட்டுல நிக்கறாளே, அவ அம்மா ஊட்டுச் சீரு அந்தக் குடம். ஸ்டூல் போட்டு அவளே ஏத்தி வெச்சா. அவளைப்பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க, சத்தமில்லாமப் பொட்டாட்ட இருப்பா. இப்பக் கொஞ்ச நாளா எங்கிட்டப் பேசறதில்லை, அது வேற. பட்டறையில இருந்து வந்தா நான் பொறவாசல் பொடக்காளியிலயே தண்ணி வாத்துக் குளிச்சுட்டு, வேற துணி மாத்திட்டுத்தான் ஹாலுக்கே வருவேன். அவ்வளவு சூதானம்.

செவுரு ஒடைக்கற அன்னைக்குத்தான் எனக்கு ஒதறல் எடுத்துச்சு. இந்தச் செவுருக்கு அந்தப் பக்கம் நவநீதன் ரூம்பு. மேல இருக்கற பாரமெல்லாம் இதுமேலதான் நிக்குது, கை வெக்காதீங்கன்னாரு மேஸ்திரி. இரும்புத் தாங்கலு குடுத்து, அடியில காங்கிரீட்டுப் போட்டு, ஒவ்வொரு செங்கல்லா எடுத்தாங்க. ஒவ்வொரு செங்கல்லு உருவறப்பவும் நான் மேல மோட்டைப் பாத்துட்டு நின்னேன். ஓட்டை உழுந்ததும் இந்தப் பக்கத்துல இருந்து பாத்தா அவங்க கட்டலு தெரியுது, எம்மருமக சிந்துஜா அலமாரியில துணி மடிச்சு வெச்சுட்டிருக்கறா. கல்யாணமாயி வந்து ஆறு மாசம் கூட ஆகலை. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா. நீ வேலையைப் பாரம்மான்னேன்.

அந்த ரூம்பு என்னாச்சா? அதுதான் மெஷின் ரூம்பு. பம்பு, தண்ணியைக் குளிர வெக்கறது, நுரை எடுக்கறது, பேட்டரி, எல்லாம் அங்கதான் இருக்கோணும். பின்ன எங்க வெக்கறது? அவங்களுக்கு மேல ரூம்பு இருக்குதில்லைங்க. சீட்டுக் கூரை போட்டதுதான், கொஞ்சம் வெக்கையா இருக்கும், அதுக்குன்னு ஃபேனு ரெண்டு போட்டுக் குடுத்தேன். ஒரு நாளும் அவ வெக்கைன்னு சொன்னதில்லை. சொன்னாத்தானுங்க நமக்குத் தெரியும்?

தண்ணி நெரப்பற அன்னைக்கு ரத்தினா மாப்புத் துணியோட நிக்கறா, நவநீதன் சாமான் எல்லாத்தையும் ஒசரத்துல ஏத்தறான், நான் கண்ணாடி ஓரத்தைக் கையில தடவிக்கிட்டே நிக்கறேன். எங்கயாவது கசிஞ்சா ஹாலே குளமாயிரும். ஒரு சொட்டு கசியலைங்க. சாக்கோ உப்பைக் கரைச்சு ஊத்தறாரு. சிறுவாணித் தண்ணியே ஊத்தலாமுங்களேன்னேன், சிரிச்சுட்டு, மெஷின்ல வடிச்ச தண்ணிதான் ஊத்தோணும்னுட்டாரு. அப்புறமேலுக்கு மாசக்கணக்குல வெறும் கல்லையும் மணலையும் தண்ணியையும் பாத்துட்டு உக்காந்திருந்தோம். பக்கத்தூட்டுக்காரரு வந்து, ஏனுங் சென்னியப்பண்ணா, கல்லை எதுக்கு நனைய வெச்சிருக்கீங்கன்னு எகத்தாளம் பேசிட்டுப் போனாரு. பேசட்டும்னு உட்டுட்டேன்.

பொறவு ஒவ்வொண்ணா வந்து சேந்துச்சுங்க. கடல்ல பேத்தெடுத்தது இல்லை, தொட்டியில வளத்துக் குடுத்தது. காளானாட்டம் ஒண்ணு, புல்லாட்டம் ஆடறது ஒண்ணு, ரவிக்கைப் பொத்தானாட்டம் பச்சையும் ஊதாவுமா ஒரு கொத்து. எறா ரெண்டு, நத்தை கொஞ்சம், மீனு. நீல லைட்டைப் போட்டு ஹால் லைட்டை நிறுத்துனா, ஏனுங் அம்மிணி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் அழுது ரத்தினாவே பாத்ததில்லை. அவ பயந்து போயி நெஞ்சு வலிக்குதுங்களான்னு கேட்டா.

என்னங்க, உப்பு சரியா இருக்குதா? இருக்கும், இருக்கும். அது எங்கையில. அடுத்தது என்ன பாக்கறீங்க? பாருங்க. செம்பைக் கடைசியாப் பாக்கறீங்களா? அதைத்தானே மொதல்ல பாக்கோணும்? சரி, உங்க தொழிலு, உங்க இஷ்டம்.

அவ என்ன பண்ணுவான்னு சொல்றேன் கேளுங்க. தீனி போடற வேலையை அவளா எடுத்துக்கிட்டா. நான் யாரையும் போடச் சொல்லலை. அவ கண்ணாடிகிட்டப் போனாப் போதும், அந்தச் செவந்தான் ஓடியாந்து மூக்கைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்கும். நான் போனா ஒளிஞ்சுக்கும். தொட்டி கட்டினவன் நான், செவுரு ஒடைச்சவன் நான், எனக்கு ஒளியுது, நேத்து வந்தவகிட்ட ஒட்டிக்குது. ஏதோ வசிய மருந்தைத் தீனியில கலக்கறாளோன்னு எனக்கு அப்பவே மனசுல உறுத்துச்சு. நவநீதங்கிட்டச் சொன்னேன். அப்பா, நீங்க கண்ணாடியைத் தட்டறீங்க, அவ தட்டறதில்லைன்னான். பொண்டாட்டி பக்கம் பேசாம வேற யாரு பக்கம் பேசுவான்?

அதுமட்டுமில்லைங்க. மத்தியானம் எல்லாரும் சாப்புட்டுக் கண்ணசர்ற நேரம் பாத்து அவ மெஷின் ரூம்புக்குள்ள போயிருவா. கதவைச் சாத்திக்குவா. உள்ள உக்கார எடம் கூட இல்லை, பம்பு ஓடற சத்தம், உப்பு மூட்டை. ஜன்னலோரம் அந்த மூட்டை மேல உக்காந்திருப்பா. ஏம்மா, இங்க உனக்கு என்ன வேலைன்னு கேட்டா, சும்மாத்தானுங் மாமாங்கறா. எதுக்குங்க ஒரு பொம்பளைப் புள்ளை நல்ல ஊட்டை உட்டுட்டு மெஷின் ரூம்புல போயி உக்காரோணும்? உங்களுக்குப் புரியுதா? எனக்குப் புரிஞ்சுது.

எல்லாத்துக்கும் மேல அந்தப் பாட்டிலு. செம்புப் பாட்டில் அம்மிணி. இப்பப் புள்ளைங்க தூக்கிட்டுத் திரியறாங்களே, ஒடம்புக்கு நல்லதுன்னு, அது. கோபிச்செட்டிபாளையத்துல இருந்து அவங்கப்பன் வாங்கிக் குடுத்தது. இந்த ஊட்டுக்குள்ள அது ஆகாதும்மான்னு மொத நாளே சொன்னேன். சரிங் மாமான்னு மேல கொண்டு போயி வெச்சா. வெச்சாளா?

ஆவணியில தொட்டிக்கு நோம்பியாட்டம் விருந்து ஒண்ணு வெச்சனுங்க. சொந்தபந்தம், பட்டறை ஆளுங்க, சம்பந்தி ஊட்டு சனம் எல்லாரும் வந்தாங்க. கூட்டம் கூட்டமாக் கண்ணாடி முன்னால நின்னு அடேங்கப்பா, அடேங்கப்பாங்கறாங்க. சம்பந்தியம்மா மட்டும் தொட்டியைப் பாக்கவே இல்லை. நேரா மெஷின் ரூம்புக் கதவுகிட்டப் போயி, உள்ள ஒரு பார்வை பாத்துட்டு, அவங்க மகளைப் பாத்தாங்க. எனக்கு அந்தப் பார்வை புடிக்கலைங்க. அந்தப் பார்வைக்கு அப்புறந்தான் எல்லாமே.

நோம்பி கழிஞ்சு கொஞ்ச நாள்தான். மொதல்ல நத்தை. மணல்ல கவுந்து கெடந்துச்சு. பொறவு எறா. பொறவு அந்தப் பொத்தான் பவளம் விரியறதை நிறுத்திக்கிச்சு. இன்னைக்கு விரியும், நாளைக்கு விரியும்னு காத்தால எந்திரிச்சதும் பல்லு கூட வெளக்காம வந்து நிப்பேன். நாளுக்கு நாள் சுருங்குது. சாக்கோவுக்கு போன் பண்ணினா, தண்ணியை மாத்துங்க, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்கன்னாரு. மாத்துனா ரெண்டு நாள் தெளியுது, மறுபடியும் சுருங்குது. யாரோ மறுபடி மறுபடி கலக்கறாங்கன்னு தானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. ஒரு தடவை கலந்திருந்தா, தண்ணி மாத்தினதும் சரியாப் போயிருக்கோணுமில்ல?

அன்னைக்கு மத்தியானம் மெஷின் ரூம்புக் கதவைத் தொறக்கறேன். மூட்டை மேல உக்காந்திருக்கறா. மடியில அந்தச் செம்புப் பாட்டிலு. சத்தம் போட்டேன். ரத்தினா ஓடியாறா, நவநீதன் மேல இருந்து எறங்கியாறான். இந்த ஊட்டுச் சோத்தைத் தின்னுட்டு இந்த ஊட்டுக்கே வெசம் வெக்கறயான்னு கேட்டேன். கேட்டதைக் கேட்டேன்னுதான் சொல்லுவேன். அவ அழுகலை. பாட்டிலைத் தொறந்து கவுத்துக் காட்டறா. இதுல தண்ணியே இல்லீங் மாமா, அப்பா நெனப்பு வந்துச்சு, எடுத்து வெச்சிருந்தேங்கறா. ஊத்திட்டா எப்பிடியம்மா இருக்கும்னேன். பாட்டிலை மூடி மடியிலயே வெச்சுக்கிட்டா.

அன்னைக்குச் சாயங்காலமே நவநீதன் பையைத் தூக்கிட்டான். வாசல்ல நின்னு, அப்பா, அவ ரூம்பை எடுத்தீங்க, ஒண்ணும் சொல்லலை, இதையும் சொல்லாம இருக்கச் சொல்லாதீங்கன்னான். என்ன பேச்சு பாருங்க. ரூம்பா இப்ப விசயம்?

ஓ, செம்புக்கு வந்துட்டீங்களா? இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். இந்தச் சொட்டு உழுந்து நெறம் மாறுனாச் செம்பு இருக்குது, மாறலைன்னா இல்லை. அதுதானே? போடுங்க. குலுக்குங்க. எத்தனை நேரம் ஆகும்? வெளிச்சத்துல காட்டுங்க. அந்த வெள்ளைக் காயிதத்து மேல வெச்சுக் காட்டுங்க.

நீலம். நீலந்தானே அது? ரத்தினா, இங்க வா, வந்து பாரு! நீலம்! நாஞ்சொல்லலை? செம்பு! நான் என்ன கிறுக்கனா, ஒரு புள்ளை மேல இல்லாததைச் சொல்றதுக்கு? அம்மிணி, நவநீதனுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டான், நீங்க சொல்லுங்க, செம்பு இருக்குதுன்னு.

எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியோணுமா? அதுதான் சொன்னனே, பாட்டிலு. பம்புக்குள்ளயா? பம்பு ஒவ்வொண்ணையும் நான் பிரிச்சுப் பாத்துத்தான் மாட்டினேன், செம்பு தண்ணியில படாது. குழாயெல்லாம் பிளாஸ்டிக்கு. தீனியிலயா, அது சாக்கோ அனுப்பற தீனி. வேற எதுவுமே இதுக்குள்ள போகலைங்க. எங்கையைத் தாண்டி ஒரு துரும்பு போகலை. கண்ணு பட்டுருச்சுன்னு சொல்லலாம், அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டேன். அத்தனை சனம் அடேங்கப்பான்னு கண்ணு வெச்சுதே, சும்மா உடுவனா? எங்க ஜோசியர்கிட்டப் போனேன். தண்ணிக்குள்ளயே எந்திரத் தகடு வெச்சுருங்க, ஒரு கண்ணும் அண்டாதுன்னாரு. கடையில விக்கறதெல்லாம் கலப்படம் அம்மிணி. பட்டறையில இருந்து சொக்கச் செம்பு நானே எடுத்து, நானே தட்டி, நானே வெட்டி, ஜோசியரை வெச்சுக் கோடு போட்டு, தண்ணி வாத்து, ஈரத்துணியோட வந்து நாந்தான் மணலுக்கு அடியில…

ஏனுங், எதுக்கு அப்பிடிப் பாக்கறீங்க?

இல்லைங்க. அது செம்பு இல்லைங்க. அது சாமி. பூசை பண்ணினதுங்க, ஜோசியரு மந்திரம் சொல்லி உரு ஏத்தினது. அதைப் போயி நீங்க பாட்டிலோட சேக்கறீங்களே. செம்புதான். இல்லைங்கலை. செம்புல பண்ணினது. ஆனா பண்ணினதுக்கப்புறம் அது செம்பா? கோயில்ல இருக்கறதைக் கல்லுன்னு சொல்லுவீங்களா?

எப்பப் போட்டேனா? நோம்பி கழிஞ்சு அடுத்த வெள்ளிக்கெழமை. ஆமா. நத்தை செத்தது அதுக்குப் பொறவுதான். ஆமாங்க. தண்ணி மாத்தினப்போ அதை எடுக்கலை. எதுக்கு எடுக்கறது, காவலுக்கு வெச்சதை?

அம்மிணி, வேண்டாம். கையை எடுங்க. அந்த மூலையில வேண்டாம். சொன்னாக் கேக்க மாட்டீங்களா? ரத்தினா, நீ எதுக்கு இங்க வந்து நிக்கறே, உள்ள போ. போன்னு சொல்றேனில்ல. அம்மிணி, மெல்ல, மெல்ல, மணலைக் கலக்கிராதீங்க…

குடுங்க. எங்கிட்டக் குடுங்க.

பச்சை புடிச்சுருச்சே. நான் போடறப்போ மொகம் பாக்கலாம், அப்பிடி மின்னுச்சு. ஓரமெல்லாம் அரிச்சுப் போச்சு. இங்க கோடு இருந்துச்சுங்க, இந்த மூலையில, ஆழமாத்தான் வெட்டியிருந்தோம். எங்க போச்சு அது? ஏனுங் அம்மிணி, அந்தக் கோடெல்லாம் எங்க போச்சு?

சரி. பேசாதீங்க. தெரியுது.

அம்மிணி, சித்த உக்காருங்க. நான் ஒண்ணு சொல்றேன். தண்ணியில செம்பு இருக்குது, அது நெசந்தானே? அதை மட்டும் சொல்லுங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க எதுக்குச் சொல்லோணும்? பொய்யி சொல்லச் சொல்லலை. கேக்காத வரைக்கும் சொல்ல வேண்டாங்கறேன். இந்த வயசுல நான் போயி சம்பந்தி ஊட்டு வாசல்ல நின்னு, நாந்தான் போட்டேன், எங்கையாலதான் போட்டேன்னு… செம்புக்காரன், செம்பு தெரியாமப் போட்டுட்டான்னு கணபதி பூராவும் சிரிக்காதா? எங்க பட்டறையில வேலை பழகினவன் எல்லாம் சிரிப்பான்.

போனு அடிக்குது. நவநீதந்தான். இருங்க, நீங்க பேச வேண்டாம், நானே பேசறேன்.

அலோ. சொல்லு சாமி. ஆமா, வந்திருக்கறாங்க, பாத்துட்டிருக்கறாங்க. யாரு, சிந்துஜாவா? குடு. ஏம்மா… நல்லா இருக்கறயா கண்ணு? என்னது? செவந்தானா? இருக்கறான், இருக்கறான். தின்னானா? தின்னிருப்பான். கல்லுக்குப் பொறவால இருக்கறான், தெரியலை. ஆமாம்மா, டெஸ்ட் பண்ணியாச்சு. செம்பு. தண்ணியில செம்பு இருக்குதுங்கறாங்க.

எங்கிருந்து வந்துச்சா? அது… அதை இன்னும் பாத்துட்டிருக்கறாங்கம்மா. இன்னும் தெரியலை. உம்மேலன்னு நான் சொல்ல வரலை. உம்மேல இல்லைன்னும்… இன்னும் தெரியலைங்கறேன். நீ அதையெல்லாம் மனசுல வெச்சுக்காத. பால் காய்ச்சறதை உட்டுட்டுப் பொறப்பட்டு வா. அலோ? கேக்குதா?

சரிம்மா. சரி. எத்தனை மணிக்கு? ம். சொல்றேன், அத்தைகிட்டச் சொல்றேன்.

வெச்சுட்டா.

பால் காய்ச்சறது காத்தால ஆறுக்குள்ளயாம். நீங்களும் அத்தையும் வந்துருங்க மாமாங்கறா. கோவமே இல்லை குரல்ல. அதுதானுங்க எனக்கு என்னமோ பண்ணுது. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை. நாஞ்சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சுங்க. கையில இந்தத் தகட்டை வெச்சுக்கிட்டுத்தான் பேசினேன், பாத்தீங்களே.

ரத்தினா? அங்க என்ன சத்தம்? எதுக்கு ஸ்டூலை இழுக்கறே? அட்டாலியில என்ன எடுக்கறே?

குடத்தை எறக்கறாளுங்க. அவ அம்மா ஊட்டுச் செம்புக் குடத்தை. ரத்தினா, இப்ப எதுக்கு அது? என்னன்னு சொல்லு. அவ ஊட்டுல தொட்டி இல்லை, அங்க வெச்சுக்கலாங்கறயா? சரி, சீராக் குடு, நல்லதுதான். துணி எதுக்கு மடிக்கறே? ஒரு நாளைக்குப் போறதுக்கு எதுக்கு இத்தனை சீலை? ரத்தினா, உன்னைத்தான் கேக்கறேன். பையன் வண்டி எடுத்துட்டு வரானா? நீயே போன் பண்ணினயா? எப்பப் பண்ணினே?

இத்தனை நாள் கழிச்சு எங்கிட்டப் பேசினது இந்த ரெண்டு வார்த்தைதானுங்க.

அம்மிணி, போயிராதீங்க. மோதரம் டேபிள் மேலதான் இருக்குது, நான் தொடலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்த டப்பாவுல இருக்கறதுதான் தீனி. எத்தனை போடறதுன்னு எனக்குத் தெரியாது. அவதான் போடுவா. அவ போனதுல இருந்து ரத்தினா போட்டா. ஒரு சிட்டிகையா, ரெண்டு சிட்டிகையா? எந்தப் பக்கம் நின்னு போடோணும்? நான் தட்ட மாட்டேன். சத்தியமாத் தட்ட மாட்டேன்.

பாருங்க, செவந்தான் மறுபடியும் உள்ள போயிருச்சு.